காரணம்: நாற்பது எழுத்துக்குள்

கௌனாஸில், டிராலிபஸ் திரும்பும் முனையில்
மின்சாதனக் கடை. அதன் கடைசி மூலை என்னுடையது.
வாங்கியதைத் திருப்பித் தருகிறவர்கள்
இங்கேதான் வந்து நிற்பார்கள்.
திரையில் ஒரு கட்டம்: காரணம்.
நாற்பது எழுத்துக்கு மேல் அது விழுங்காது.

தொப்பியிலிருந்து பனியை உதறிவிட்டு
காற்றுப் பொரிப்பானை மேசைமேல் வைத்தார் யாட்விகா,
சீக்குப் பூனையை மருத்துவரிடம் வைப்பதுபோல.
"சத்தம். என் கொழுந்தன் வந்து உட்கார்ந்த மாதிரி சத்தம்.
உருளைக்கிழங்கு நன்றாகத்தான் வருகிறது, பொய் சொல்லக் கூடாது.
ஆனால் அவனும் நன்றாகத்தான் பாடுவான்."
தட்டினேன்: ஒலி அதிகம்.

எர்னெஸ்டாஸுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்.
உறை பிரித்த விளையாட்டு ஒன்றை நீட்டினான்.
"முப்பது மணி நேரம் அந்தக் குதிரையோடு திரிந்தேன்.
ஆற்றைக் கடக்கும்போது கொன்றுவிட்டார்கள்.
பதினாறு வயது ஆகவேண்டும் என்று அட்டையில் போடத் தெரிகிறது,
குதிரை சாகும் என்று போடத் தெரியவில்லையா?"
பிரித்ததை வாங்க விதி இல்லை என்றேன்.
தெரியும் என்றான்.
கையுறையை மாட்டினான், கழற்றினான்,
மறுபடி மாட்டிக்கொண்டு போனான்.

எதிர்ச் சுவரில் இருபத்திரண்டு தொலைக்காட்சிகள்.
இருபத்திரண்டிலும் ஒரே படம், ஒலி இல்லாமல்.
"இதை நாம் பார்த்தோம்," என்றாள் ஒருத்தி.
"பார்க்கவில்லை."
"பார்த்தோம். நீ தூங்கினாய்."
"டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தேன் அல்லவா, அப்படியானால் பார்த்த கணக்குதான்.
நல்ல படம்."

நான் அதை நானூறு தடவையாவது பார்த்திருப்பேன்.
ஒரு வசனம் தெரியாது.
ரயில் புறப்படும்போது நடைமேடையில் நிற்பவள்
ஜன்னலைப் பார்த்து ஏதோ கத்துகிறாள்.
அடுப்பை அணைத்தாயா, என்றுதான் கேட்கிறாள் என்பது
என் அபிப்பிராயம்.
அவன் முகம் மாறுவதைப் பாருங்கள்.
காதலுக்கு யாருக்கும் அப்படி மாறாது.

நாலரைக்கே இருட்டிவிட்டது.
தரை துடைக்கும் ரோபோவை
அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார் ரிமந்தாஸ்.
"பழுதா?"
"இல்லை. மூலை முடுக்கெல்லாம் சுத்தம்."
"பேட்டரி?"
"தங்கம்."
கொஞ்ச நேரம் அதன் தூரிகையில் சிக்கிய
நீளமான செம்பட்டை முடி ஒன்றை நகத்தால் நிமிண்டினார்.
"டோவிலே அவள் குரலைப் பதிந்து வைத்திருக்கிறாள். விளையாட்டுக்கு.
செப்டம்பரில் கிளைபேடா போய்விட்டாள்.
குரலை மாற்றக் கடவுச்சொல் வேண்டும். அது அவளிடம்.
தினம் ஏழு மணிக்கு நாற்காலிக்குக் கீழே வந்து சொல்கிறது:
காலைத் தூக்கு, ரிமந்தாஸ்."

"நீங்கள்?"

"தூக்குகிறேன்," என்றார்.

தட்டினேன்: பயனர் மாறிவிட்டார்.
கட்டத்தில் இன்னும் இடம் இருந்தது.
பணம் கார்டுக்கு வர மூன்று நாள் ஆகும் என்றேன்,
ரோபோவின் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

எனக்கும் ஒன்று வாங்கினேன், பெட்டி பிரித்த கழிவில்:
ரொட்டி வாட்டும் கருவி.
திருப்பித் தந்தவர் எழுதிய காரணம் ஒட்டியே இருந்தது:
ஒரு பக்கம் மட்டும் கருகுகிறது.
உண்மை. இரண்டு வாரமாகச் சாப்பிடுகிறேன்.
கம்பு ரொட்டி, நல்ல பக்கத்தில் வெண்ணெய்,
கருகின பக்கம் நாக்குக்கு மட்டும் தெரியும்.
எத்தனை நட்சத்திரம் என்று கைபேசி கேட்டுக்கொண்டே இருக்கிறது.
பரவாயில்லை என்பதற்கு எத்தனை நட்சத்திரம்?

கடை மூடும் நேரம் போவிலாஸைக் கூப்பிட்டேன்.
"அந்த ரயில் இடம் வருகிறது. சத்தம் வை, ஒரு தடவை."
இருபத்திரண்டு ரிமோட்டில் சரியானதைத் தேடி எடுத்தான்.
மழை, விசில், வயலின் கூட்டம்.
அவள் கத்தினாள்:
உயிருள்ளவரை உன்னை மறக்கமாட்டேன்.

"அவ்வளவுதானா?" என்றேன்.
அவன் தோளைக் குலுக்கினான்.
அணைக்கச் சொன்னேன்.
அவள் வாய் மறுபடி அசைந்தது,
அவன் முகம் மாறியது,
எங்கோ ஒரு வீட்டில்
பால் பொங்கிக்கொண்டிருந்தது.